கிழங்கு தோண்டியவர்கள் ஏன் ஏர் பிடித்தார்கள்? சேலத்தில் ஒரு வாசிப்புக் குழு நடத்த வழிகாட்டி

வேட்டையாடியும் காய், கனி, கிழங்கு சேகரித்தும் பல லட்சம் ஆண்டுகள் காலம் தள்ளிய மனித இனம், கடைசிப் பத்துப் பன்னிரண்டாயிரம் ஆண்டுகளில்தான் விதைக்கவும் அறுக்கவும் தொடங்கியது. ஏன் என்ற கேள்வியை நாலு பேராகச் சேர்ந்து படித்துப் பேச நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தொல்லியல் படித்திருக்கத் தேவையில்லை. சேலத்தில் இருந்தால் இன்னும் வசதி. சந்தைக்குப் போனால் பாதிப் பாடம் கண்ணெதிரே கிடக்கும், மீதிக்கு மலை ஏறலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "விவசாயம் மனிதனுக்கு நல்லது செய்ததா, கெட்டது செய்ததா?" என்ற கேள்வியோடு குழுவைத் தொடங்காதீர்கள். அது பட்டிமன்றத் தலைப்பு. இரண்டே கூட்டத்தில் ஆட்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து, மூன்றாவது கூட்டத்துக்கு யாரும் படிக்காமல் வருவார்கள். கேள்வியைச் சின்னதாக்குங்கள்: எந்த ஊரில், எந்தப் பயிர், யாருடைய உழைப்பில், எத்தனை தலைமுறையில்? அப்போதுதான் படித்தவருக்குப் பேச ஏதாவது இருக்கும், படிக்காதவர் கொஞ்சம் அடங்கி உட்காருவார்.

ஆள், இடம், நாள்

ஆறிலிருந்து பத்துப் பேர் போதும். அதற்கு மேல் போனால் மூன்று பேர் பேசுவார்கள், மற்றவர்கள் போனைப் பார்ப்பார்கள். எல்லாரும் புத்தகப் பிரியர்களாக இருந்தாலும் சரிப்படாது. காட்டு வேலை (இங்கே காடு என்றால் மானாவாரி விவசாய நிலம்) தெரிந்த ஒருவர் கட்டாயம் வேண்டும். உரலும் முறமும் புழங்கிய வயதில் ஒருவர் கிடைத்தால் விடாதீர்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் தாமாகவே வருவார்கள், சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குத் தேதி நன்றாக நினைவிருக்கும்.

இடத்துக்கு நூலகம், பள்ளியின் ஒரு வகுப்பறை, யாராவது ஒருவர் வீட்டு மொட்டை மாடி எதுவும் ஆகும். டீக்கடை வேண்டாம், சத்தத்தில் காது போய்விடும். சித்திரை, வைகாசியில் மொட்டை மாடித் தளம் ஆறு மணிக்கும் கொதிக்கும், மனதில் வையுங்கள். நேரத்தைக் குழுவில் உள்ள பெண்களைக் கேட்டு முடிவு செய்யுங்கள். ஆண்கள் கூடி நேரம் குறித்தால் அது எப்படியோ அடுப்பு வேலை நேரத்தில்தான் போய் விழுகிறது.

பதினைந்து நாளுக்கு ஒரு முறை, மொத்தம் எட்டுக் கூட்டம் என்று தொடக்கத்திலேயே முடிவு தேதியையும் சொல்லிவிடுங்கள். முடிவு தெரியாத குழுவுக்கு ஆள் நிற்பதில்லை.

எதைப் படிப்பது

விற்பனையில் சக்கைப்போடு போடும் தடித்த உலக வரலாற்றுப் புத்தகத்தைத்தான் எல்லாரும் முதலில் நீட்டுவார்கள். என் கருத்தில் அதைக் கடைசிக்கு வையுங்கள். அந்த வகைப் புத்தகங்கள் தீர்ப்பை முதலில் சொல்லிவிட்டு அப்புறம் சாட்சியைக் கூப்பிடும். படிக்கச் சுகமாக இருக்கும், பேசுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. ஒரு கூட்டத்துக்கு இருபது பக்கத்தைத் தாண்டாதீர்கள். ஒரு ஊர், ஒரு அகழாய்வு, ஒரு பயிர் பற்றிய கட்டுரை என்றால் இன்னும் நல்லது.

நல்ல கட்டுரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. அதற்காக ஆங்கிலம் சரளமாக வருகிறவர்களை மட்டும் வைத்துக் குழு நடத்தினால் அது வேறு குழுவாகிவிடும். முறை வைத்து ஒருவர் அந்தக் கட்டுரையைப் படித்து வந்து கால் மணி நேரம் தமிழில் கதையாகச் சொல்லட்டும். படக்காட்சி வேண்டாம், தாளைப் பார்த்து வாசிக்கவும் வேண்டாம். சொல்லத் திணறுகிற இடம்தான் கட்டுரை ஆசிரியரே தெளிவில்லாமல் விட்ட இடமாக அடிக்கடி இருக்கும். அங்கே நின்று பேசுங்கள்.

கூடவே சங்கப் பாடல் ஒன்றை எல்லாரும் படித்து வரச் சொல்லலாம். புறநானூற்று 109-ஆம் பாட்டில் கபிலர் பாரியின் பறம்பு மலையைப் பற்றிச் சொல்வது இந்தத் தலைப்புக்கென்றே எழுதியது போல இருக்கும். உழவர் உழாமலே அங்கே நான்கு கிடைக்கும் என்கிறார்: மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். மூவேந்தர் முற்றுகையிட்டாலும் மலை பசியால் பணியாது என்பது அவர் வாதம். வயலைச் சுற்றி வளைத்து ஊரைப் பட்டினி போடலாம். காட்டை அப்படிப் போட முடியாது.

கொடிக்கயிறு

முதல் கூட்டத்துக்கு முன் இந்த ஒரு வேலையைச் செய்துவிடுங்கள். வருடக் கணக்கில்தான் புதியவர்கள் எல்லாரும் இடறுகிறார்கள். ஒரு கட்டுரை கி.மு. 9500 என்று சொல்லும், இன்னொன்று 11,500 ஆண்டுகளுக்கு முன் என்று சொல்லும். இரண்டும் ஒன்றுதான். ஆய்வுக் கட்டுரைகளில் "இன்றைக்கு முன்" என்று வந்தால் அந்த "இன்று" 1950-ஆம் ஆண்டு. இதைச் சொல்லாமல் விட்டால் கூட்டத்தில் பாதி நேரம் கழித்தல் கணக்கில் போய்விடும்.

பதினைந்து மீட்டர் கொடிக்கயிறு ஒன்றைக் கட்டுங்கள். ஒரு மீட்டர் என்றால் ஆயிரம் ஆண்டு. ஒரு முனையில் "இப்போது" என்று எழுதி, துணி மாட்டும் கிளிப்பில் சீட்டுகளைத் தொங்கவிடுங்கள். மேட்டூர் அணை (1934) ஒன்பது சென்டிமீட்டரில் வந்துவிடும். சங்கப் பாடல்கள் இரண்டு மீட்டருக்குப் பக்கத்தில். கடைசிப் பனியுகம் முடிந்து பூமி வெதுவெதுப்பான 11,700 ஆண்டுகளுக்கு முந்தைய காலம் கயிற்றில் பதினொன்றே முக்கால் மீட்டரில். ஜோர்தானில் சுபைக்கா என்ற இடத்தில் கரிந்துபோன ரொட்டித் துணுக்குகள் கிடைத்தன. அவற்றின் சீட்டு 14.4 மீட்டரில், கயிற்றின் மறுமுனைக்குக் கிட்டத்தில் தொங்கும். காட்டுத் தானியத்தையும் கோரை வகைக் கிழங்கையும் அரைத்துச் சுட்ட ரொட்டி அது. அந்தப் பகுதியில் விவசாயம் தொடங்க இன்னும் ஏறக்குறைய நாலாயிரம் ஆண்டு, அதாவது நான்கு மீட்டர், இருக்கிறது. "விவசாயம் வந்தது, அப்புறம் ரொட்டி வந்தது" என்று நினைத்து வந்தவர்கள் கயிற்றின் அடியில் நின்று எண்ணிப் பார்ப்பார்கள்.

கூட்டங்களை எப்படி வரிசைப்படுத்துவது

முதல் கூட்டம் சேகரித்து வாழ்ந்தவர்களின் நாள் எப்படிப் போனது என்பதைப் பற்றி இருக்கட்டும். 1960-களில் ரிச்சர்ட் லீ என்ற மானிடவியலாளர் ஆப்பிரிக்காவின் தெற்கே கலஹாரிப் பாலைப் பகுதியில், வேட்டையாடியும் சேகரித்தும் வாழ்ந்த ஜூ'ஹோன்சி மக்களோடு இருந்து அவர்கள் உணவு தேடச் செலவிட்ட நேரத்தைக் குறித்தார். வாரத்துக்கு 12 முதல் 19 மணி நேரம்தான் என்று வந்தது. 1966-இல் சிக்காகோவில் நடந்த கருத்தரங்கில் மார்ஷல் சாலின்ஸ் என்ற இன்னொரு மானிடவியலாளர் இதையெல்லாம் வைத்து, தேவை குறைவாக இருந்ததால் அவர்கள்தான் முதல் வசதியான சமூகம் என்று வாதிட்டார். இந்த எண் இன்றைக்கும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. ஆனால் கொட்டை உடைப்பது, சமைப்பது, கருவி செய்வது, விறகு, தண்ணீர் எல்லாம் அந்தக் கணக்கில் இல்லை. பின்னால் லீயே அவற்றைச் சேர்த்துக் கணக்குப் போட்டபோது வாரச் சராசரி 42 மணி நேரத்துக்குப் போனது. இரண்டு எண்ணையும் ஒரே கூட்டத்தில் வையுங்கள். "வேலை" என்று எதை எண்ணினார்கள், எதை விட்டார்கள் என்று குழுவில் உள்ள அம்மாக்கள் கேட்க ஆரம்பித்துவிட்டால் கூட்டம் தானாக ஓடும்.

இரண்டாவது கூட்டத்துக்கு மேற்காசியா. ஜாக் ஹார்லன் என்ற தாவரவியலாளர் 1966-இல் துருக்கி மலைச்சரிவில் தானாக விளைந்து நிற்கும் காட்டுக் கோதுமையைக் கல் பதித்த அரிவாளால் அறுத்துப் பார்த்தார். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ சுத்தமான தானியம் கிடைத்தது. கதிர் முற்றும் மூன்று வாரத்தில் ஒரு குடும்பம் ஒரு வருடத்துக்கானதைச் சேர்த்துவிடலாம் என்றார். அப்படியென்றால் உழுவானேன்? இந்தத் தலைப்பின் மிக நல்ல கேள்வி இதுதான், இதற்கு முழுக் கூட்டமும் கொடுங்கள். பேசப் பேச ஒரு இடத்துக்கு வருவீர்கள்: ஒரு வருடத் தானியத்தைத் தலையில் சுமந்துகொண்டு அலைய முடியாது. சேர்த்து வைத்த இடத்தில் தங்கத்தான் வேண்டும். நத்தூஃபியர் என்று தொல்லியலாளர்கள் அழைக்கும் மக்கள் அந்தப் பகுதியில் விதைக்கத் தொடங்கும் முன்பே நிலையாக வீடு கட்டித் தங்கியதற்கு ஆதாரம் இருக்கிறது. துருக்கியின் கோபெக்லி தெப்பே இன்னும் மேலே. கி.மு. 9500 வாக்கில், வேட்டையாடி வாழ்ந்த மக்கள் ஐந்து மீட்டருக்கு மேல் உயரமான கல்தூண்களை அங்கே நட்டிருக்கிறார்கள். 1995-இல் கிளாஸ் ஷ்மித் என்ற தொல்லியலாளர் தோண்டத் தொடங்கும் வரை இதைச் சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

மூன்றாவது கூட்டத்தில் செடி எப்படி மாறியது என்று பாருங்கள். இதற்கு ஒரு செய்தித்தாளும் இரண்டு கதிரும் போதும். சாலையோரத்தில் முற்றிக் காய்ந்த ஏதாவது ஒரு காட்டுப் புல்லின் கதிரைத் தாளுக்கு மேலே பிடித்து விரலால் லேசாகச் சுண்டுங்கள். விதை பொலபொலவென்று கொட்டிவிடும். அடுத்து ஒரு கேழ்வரகுக் கதிரையோ தினைக் கதிரையோ சுண்டுங்கள். ஒன்றும் விழாது, உள்ளங்கையில் வைத்துக் கசக்கினால்தான் உதிரும். உதிரும் விதை தரையில் விழுந்து தானே முளைக்கும். உதிராத கதிர் மனிதன் அறுத்து வீட்டுக்குக் கொண்டுபோகும் கட்டில் சேரும். அந்தக் கட்டிலிருந்து அடுத்த வருட விதையை எடுத்தால், உதிராத வகைக்கே மீண்டும் மீண்டும் வாய்ப்பு. யாரும் திட்டம் போட்டுச் செய்ததல்ல. இது நடக்க எவ்வளவு காலம் ஆனது என்பதற்கு சீனாவின் தியான்லுவோஷான் அகழாய்வு நல்ல சாட்சி. சுமார் 6,900 ஆண்டுகளுக்கு முன் அங்கே கிடைத்த நெல்லில் உதிராத வகை 27 சதவீதம். 300 ஆண்டு கழித்து 39 சதவீதம்தான். நம் கயிற்றில் அது முப்பது சென்டிமீட்டர், பத்துப் பன்னிரண்டு தலைமுறை. பாட்டி காலத்துக்கும் பேத்தி காலத்துக்கும் வித்தியாசமே தெரிந்திருக்காது. இதற்குப் "புரட்சி" என்று பெயர் வைத்தவர் கார்டன் சைல்டு என்ற தொல்லியலாளர். அந்தப் பெயர் பொருந்துமா என்று பேச இதுதான் இடம்.

நான்காவது கூட்டத்தில் பேச்சைக் குறைத்து வேலையைக் கூட்டுங்கள். தோல் நீக்காத சாமை ஒரு படி, ஒரு உரல், உலக்கை, முறம். ஆளுக்குக் கொஞ்ச நேரம் குத்திப் புடைத்து அரிசி எடுக்க வேண்டும். ஆலையில் தீட்டிய சாமை அரிசியை வாங்கி வந்து ஏமாற்றாதீர்கள். சாமையின் உமி லேசில் கழறாது. ஓங்கிக் குத்தினால் நொய்யாகும், மெதுவாகக் குத்தினால் உமி அப்படியே இருக்கும். முறத்தை ஆட்டத் தெரியாதவர் கையில் அரிசியும் உமியும் சேர்ந்தே தரைக்குப் போகும். முதல் கால் மணி நேரம் சிரிப்பாக இருக்கும். அப்புறம் தோள் பிடித்துக்கொள்ளும், சத்தம் அடங்கும்.

அந்த நேரத்தில் அபு ஹுரேய்ரா பற்றிச் சொல்லுங்கள். சிரியாவில் யூப்ரடீஸ் ஆற்றங்கரை ஊர். அணை கட்டப் போகிறார்கள் என்று 1972-73-இல் அவசர அவசரமாகத் தோண்டினார்கள், இப்போது ஏரித் தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது. மேட்டூரில் தண்ணீர் வடியும்போது பண்ணவாடியில் நந்தி தலைகாட்டுவதைப் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்கே கிடைத்த எலும்புகளில், முக்கியமாகப் பெண்களுடையவற்றில், கால் பெருவிரல் மூட்டும் முழங்காலும் கீழ் முதுகும் தேய்ந்து வடிவம் மாறியிருந்தன. மண்டியிட்டு, கால்விரலை மடக்கி ஊன்றி, நாள்தோறும் மணிக்கணக்கில் தானியம் அரைத்ததன் அடையாளம் என்று அந்த எலும்புகளை ஆராய்ந்த தியா மோல்சன் 1994-இல் எழுதினார். அமெரிக்காவின் இல்லினாய் பகுதியில் டிக்சன் என்ற புதைமேட்டு எலும்புகளிலும், மக்காச்சோளத்துக்கு மாறிய பிறகு சத்துக்குறைவின் தடங்கள் கூடின. நோஞ்சானாகியும் ஏன் விடவில்லை என்று யாராவது கேட்பார்கள். நிலையாகத் தங்கினால் பிள்ளைப்பேற்று இடைவெளி குறையும், வாய் கூடும். கூடிய வாய்க்குக் காட்டில் கிடைப்பது போதாது. திரும்பும் வழி அப்படி அடைபட்டது என்பது பலர் சொல்லும் விளக்கம்.

ஐந்தாவதில் தென்னிந்தியா. இதை விட்டுவிட்டால் குழு நடத்தியதே வீண். பெல்லாரிப் பக்கம் சங்கனகல்லு, நம் வடக்கே திருப்பத்தூர் மாவட்டத்துப் பையம்பள்ளி போன்ற புதிய கற்கால ஊர்களில் கொள்ளும் பச்சைப்பயறும் கிடைத்திருக்கின்றன. கர்நாடகத்தில் மாட்டுச் சாணியை மலை மலையாகக் குவித்து எரித்த சாம்பல் மேடுகளும் உண்டு. இங்கே மாடும் மானாவாரிப் பயிரும்தான் முதலில், நெல் வெகு பின்னால். வரகு, தினை, கொள்ளு, அவரை இந்த நான்கைத் தவிர உணவு இல்லை என்று மாங்குடி கிழார் புறநானூற்று 335-இல் பாடுவதையும் சேர்த்துப் படியுங்கள்.

ஆறாவது கூட்டத்துக்குப் பலகாரம் தட்டுவடை செட்டாகவே (இரண்டு தட்டுவடைக்கு நடுவே சட்னியும் துருவிய காயும் வைத்த சேலத்துப் பலகாரம்) இருக்கட்டும், பாடமும் அதுதான். ஒரு செட்டைப் பிரித்துத் தட்டில் வையுங்கள். தட்டுவடையின் அரிசி மாவுக்குச் சீனம் வரை போக வேண்டும். அதில் பதிந்திருக்கும் கடலைப்பருப்பின் காட்டு மூதாதை தென்கிழக்குத் துருக்கியில் மட்டும்தான் வளர்கிறது, கோபெக்லி தெப்பே இருக்கும் அதே வட்டாரம். காரச் சட்னியின் மிளகாய் அமெரிக்கா. பீட்ரூட் மத்தியதரைக் கடலோரம். அப்படியே ஊர்ப் பயிர்களுக்கும் போங்கள்: கேழ்வரகு கிழக்கு ஆப்பிரிக்கா, கம்பு மேற்கு ஆப்பிரிக்கா, சோளம் சூடான் பக்கம், தினை வட சீனா. நம் ஜவ்வரிசி ஆலைகளை ஓட்டும் மரவள்ளி தென் அமெரிக்கா. சாமை, வரகு, கொள்ளு இந்த மண்ணிலேயே பயிரானவை. "பாரம்பரியம்" என்ற சொல்லை அதிகம் பேசுகிற நண்பர் அன்றைக்குக் கொஞ்சம் முகம் சுருங்குவார். மூவாயிரம் ஆண்டாக இங்கே விளைந்தது நம்முடையதுதான் என்று அவரையும் தேற்றுங்கள், அதில் பொய் இல்லை.

சண்டை வந்தால்

வரும். "விவசாயம் மனித வரலாற்றின் மிகப் பெரிய தவறு" என்று 1987-இல் ஜாரெட் டயமண்ட் என்ற அமெரிக்க எழுத்தாளர் எழுதிய வாதத்தை யாராவது எடுத்து வீசுவார்கள். குழுவில் காடு வைத்திருக்கிறவர், "அப்ப நாங்க பண்றது தப்புங்களா?" என்பார். அவர் கேட்பது தக்காளி விலையை, மற்றவர் பேசுவது பத்தாயிரம் ஆண்டுக்கு முந்தைய எலும்பை. இரண்டையும் பிரித்து வைப்பதுதான் கூட்டம் நடத்துகிறவர் வேலை. முதலில் காட்டுக்காரருக்குப் பதில் சொல்லுங்கள், எலும்பு காத்திருக்கும்.

தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் ஒரே வரியில் விடை கேட்பார்கள். உலகில் மேற்காசியா, சீனா, மெக்சிகோ, நியூகினி என்று பல இடங்களில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் பயிர் செய்யத் தொடங்கினார்கள், எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் கிடைக்காது என்பதை அந்த ஒரு வரியாக எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

மலைக்குப் போகும்போது

ஏழாவது கூட்டத்தை ஏற்காட்டில் வைக்கலாம். சனி, ஞாயிறு வேண்டாம். இருபது கொண்டை ஊசி வளைவிலும் கார் முட்டி நிற்கும். வார நாளில் காலை முதல் பஸ்ஸைப் பிடியுங்கள்.

1863-இல் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்து இந்தியத் தொல்பழங்கால ஆய்வைத் தொடங்கி வைத்த ராபர்ட் புரூஸ் ஃபூட் ஓய்வுக்குப் பின் ஏற்காட்டில் குடியிருந்தார். 1912-இல் கல்கத்தாவில் இறந்தவருக்கு இங்கே ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் நினைவிடம் இருக்கிறது. அவர் திரட்டிய கருவிகளை 1904-இல் சென்னை அருங்காட்சியகம் வாங்கியது. சேர்வராயன் மலையிலேயே வழவழப்பாகத் தீட்டிய புதிய கற்காலக் கோடரிகள் கிடைத்திருக்கின்றன. மலை மக்கள் அவற்றைச் சிறு கோயில்களில் வைத்துக் கும்பிட்டதும் உண்டு. அப்படி எங்காவது கண்ணில் பட்டால் தொடாதீர்கள், அது அவர்கள் சாமி. வழியில் கிடக்கும் கல்லையும் பைக்குள் போடாதீர்கள். படம் எடுத்து, இடத்தைக் குறித்து, தொல்லியல் துறைக்குச் சொன்னால் போதும்.

மலையாளி மக்களிடம் பேசப் போகிறவர்கள் இதைக் கவனமாகப் படிக்கவும். பெயரைப் பார்த்துக் கேரளம் என்று நினைக்க வேண்டாம். அவர்கள் தமிழ் பேசும் பழங்குடி மக்கள், காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. மலைச்சரிவில் தலைமுறை தலைமுறையாகச் சாமையும் கேழ்வரகும் விதைத்தவர்கள். 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்த பிறகு தோட்ட வேலையும் சேர்ந்தது. "கற்கால மனிதர்களைப் பார்க்கப் போகிறோம்" என்ற நினைப்போடு யாராவது வந்தால் அடிவாரத்திலேயே இறக்கிவிடுங்கள். கேட்க வேண்டியவை வேறு. மழை பொய்த்த வருடம் என்ன சாப்பிட்டீர்கள்? கவலைக்கிழங்கு (காட்டு வள்ளிக்கிழங்கு வகை) எங்கே தோண்டுவீர்கள், தோண்டினால் கொடியை என்ன செய்வீர்கள்? கிழங்கை எடுத்துக்கொண்டு கொடியின் தலைப்பை மண்ணிலேயே விட்டு மூடும் பழக்கம் பல ஊர்களில் உண்டு. அது சேகரிப்பா, பயிரா? உலக அறிஞர்கள் அடித்துக்கொள்ளும் கேள்வி அதுதான். ஒரு பாட்டி அதற்கு விடை சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார். அவர் ஒரு நாள் வேலையைக் கெடுத்துப் பேசவைத்தால் அதற்குக் கூலி கொடுங்கள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

எட்டாவது கூட்டம் சுருக்கமாக இருக்கட்டும். முதல் கூட்டத்தில் எல்லாரிடமும் "ஏன் விவசாயத்துக்கு மாறினார்கள்?" என்பதற்கு இரண்டு வரி எழுதி வாங்கி உறையில் போட்டு வையுங்கள், இப்போது திருப்பிக் கொடுத்து மாற்றி எழுதச் சொல்லுங்கள். அப்புறம் வாட்ஸ்அப் குழுவைக் கலைத்துவிடுங்கள். வைத்திருந்தால் காலை வணக்கப் படங்கள்தான் வரும். மறுபடி கூட விருப்பம் இருப்பவர்கள் ஆடு மாடு எப்படி வீட்டுக்கு வந்தது என்பதை எடுத்துப் புதிதாக ஒரு குழு தொடங்கட்டும். கயிற்றையும் கிளிப்பையும் அவர்களிடம் கொடுத்துவிடலாம்.